மின்காந்தவியல் பாடம்: திசையில் தொடங்குங்கள்

இயக்கவியல் வரை எல்லாம் ஒழுங்காகவே போய்க்கொண்டிருக்கும். பந்தைத் தள்ளினால் தள்ளிய பக்கம் போகும், மேலே எறிந்தால் கீழே விழும். சூத்திரம் மறந்துபோனாலும் உத்தேசமாக ஒரு விடை சொல்லிவிடலாம். மின்காந்தவியல் தொடங்கியதும் அந்த உத்தேசம் கைகொடுப்பதில்லை. மின்னோட்டம் வடக்கே போகிறது, பக்கத்தில் இருக்கும் காந்த ஊசியோ மேற்கே திரும்புகிறது. எலக்ட்ரான் கிழக்கே ஓடுகிறது, அதன் மேல் விசை தெற்கே செயல்படுகிறது. எல்லாம் பக்கவாட்டில் நடக்கிறது, அதுவும் கண்ணுக்குத் தெரியாமல்.

நான் பார்த்தவரை, இந்தப் பாடத்தில் திணறுகிறவர்கள் பெருக்கல் வகுத்தலில் திணறுவதில்லை. அம்பு எந்தப் பக்கம் என்பதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் இங்கே நான் சொல்லும் வரிசை கொஞ்சம் வேறு: முதலில் படம், அப்புறம் திசை, கடைசியில்தான் எண். பாடப்புத்தகம் சூத்திரத்தில் தொடங்கினாலும் நீங்கள் இந்த வரிசையில் படியுங்கள்.

தொடங்கும் முன் தூசி தட்ட வேண்டியவை

மூன்று விஷயங்கள் போதும். ஒன்று, வெக்டரைக் கூறுகளாகப் பிரிப்பது. சைன், கொசைன் எந்தப் பக்கத்துக்கு வரும் என்பது யோசிக்காமல் கைக்கு வர வேண்டும். இரண்டு, வரைபடத்தின் சரிவு என்றால் மாறும் வீதம் என்ற புரிதல். வகை நுண்கணிதம் இன்னும் நடத்தவில்லை என்றாலும் பரவாயில்லை, சரிவைக் கண்ணால் படிக்கத் தெரிந்தால் போதும்.

மூன்றாவதுதான் முக்கியம்: வெக்டர் குறுக்குப் பெருக்கல். இதைத் தனியாக உட்கார்ந்து பழகிவிடுங்கள். அச்சுகளுக்கு எழுத்துப் பெயர் வைப்பதற்குப் பதிலாகக் கிழக்கு, வடக்கு, மேல் என்று வைத்துக்கொண்டால் சுலபம். கிழக்கை வடக்கால் குறுக்குப் பெருக்கினால் மேல். வடக்கை மேலால் பெருக்கினால் கிழக்கு. மேலைக் கிழக்கால் பெருக்கினால் வடக்கு. வரிசையைத் திருப்பினால் விடையின் திசையும் தலைகீழாகும். வலக்கை விரல்களை முதல் திசையில் நீட்டி, இரண்டாவது திசைப் பக்கம் மடக்குங்கள். பெருவிரல் காட்டுவது விடை. கீழே வரும் எல்லாக் கணக்கிலும் இந்த ஒரே கைதான் வேலை செய்யப்போகிறது.

மின்புலமும் மின்னழுத்தமும்

பாடம் வழக்கமாக ஓய்வில் இருக்கும் மின்னூட்டங்களில் தொடங்கும். 1785இல் கூலும் அளந்து சொன்ன விதி, நியூட்டனின் ஈர்ப்பு விதியின் அதே வடிவம். தூரம் இரட்டித்தால் விசை கால்பங்காகும். அதில் பெரிய சிக்கல் இல்லை. சிக்கல் அடுத்த படியில் வருகிறது. மின்னூட்டம் தன்னைச் சுற்றி ஒரு புலத்தை உண்டாக்குகிறது, அந்தப் புலம் இன்னொரு மின்னூட்டத்தின் மேல் விசையைச் செலுத்துகிறது என்று இரண்டு படியாக யோசிக்கப் பழக வேண்டும். நேரடியாக விசைக்குப் போகும் பழக்கம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். பின்னால் காந்தப்புலம் வரும்போது அந்தக் குறுக்குவழி அடைபட்டுவிடும்.

மின்னழுத்தத்தை ஒரு மலையின் உயரம் என்று எடுத்துக்கொண்டால், மின்புலம் அந்த இடத்தின் சரிவு. உயரம் வேறு, சரிவு வேறு. மலை உச்சியில் உயரம் அதிகம், சரிவு சுழி. இதைக் கணக்கில் ஒருமுறை பார்த்துவிட்டால் இரண்டையும் பிறகு குழப்பிக்கொள்ள மாட்டீர்கள்.

20 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு நேர் மின்னூட்டங்கள், ஒவ்வொன்றும் 2 நானோகூலும். நடுப்புள்ளியில் என்ன? இரண்டு புலங்களும் சம அளவில் எதிரெதிராக இருப்பதால் மின்புலம் சுழி. மின்னழுத்தம் எண்ணளவு மட்டுமே, திசை கிடையாது. ஒவ்வொன்றும் 180 வோல்ட் தரும், மொத்தம் 360 வோல்ட். இப்போது ஒன்றை எதிர் மின்னூட்டமாக மாற்றுங்கள். மின்னழுத்தங்கள் ஒன்றையொன்று நீக்கிச் சுழியாகும். ஆனால் இரண்டு புலங்களும் இப்போது ஒரே பக்கம் பார்க்கின்றன. 1800உம் 1800உம் கூடி மீட்டருக்கு 3600 வோல்ட். ஒன்று சுழியான இடத்தில் மற்றது சுழியாக வேண்டிய கட்டாயம் இல்லை. இந்த இரண்டு கணக்கையும் பார்க்காமல் நீங்களே ஒருமுறை போட்டுவிட்டு மேலே போங்கள்.

புலக்கோடுகள் வரையும்போது ஒரு எச்சரிக்கை. கோடு என்பது அந்த இடத்தில் விசை எந்தத் திசையில் என்பதற்கான குறிப்பு. மின்னூட்டம் அந்தக் கோட்டின் வழியாகவே பயணம் செய்யும் என்று பொருள் கொள்ளக் கூடாது. ஏற்கெனவே திசைவேகம் இருந்தால் அது வேறு பாதையில் போகும். கோடுகள் ஒன்றையொன்று வெட்டுவதும் கிடையாது. வெட்டினால் அந்தப் புள்ளியில் விசைக்கு இரண்டு திசை என்றாகிவிடும்.

மின்சுற்றுகள்: வேகமாகக் கடந்துவிடலாம்

ஓம் விதி, தொடர் இணைப்பு, பக்க இணைப்பு எல்லாம் கீழ்வகுப்பிலேயே பழகியவைதான். ஒன்றை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: மின்னோட்டம் பல்பில் செலவாவதில்லை. உள்ளே போகும் ஆம்பியரும் வெளியே வரும் ஆம்பியரும் ஒன்றே. செலவாவது ஆற்றல். அப்புறம், கம்பிக்குள் எலக்ட்ரான்கள் நகரும் சராசரி வேகம் மிகக் குறைவு, சாதாரண மின்னோட்டங்களில் நொடிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. சுவிட்சைப் போட்டதும் விளக்கு எரிவதற்குக் காரணம், சுற்று முழுவதும் மின்புலம் ஏறத்தாழ உடனே பரவிவிடுவதுதான்.

ஒரு மின்கலம், ஒரு கம்பி, ஒரு காந்த ஊசி

காந்தவியல் பகுதியைப் புத்தகத்தில் தொடங்காமல் மேசையில் தொடங்குங்கள். 1820இல் கோபன்ஹேகனில் ஓர்ஸ்டெட் கவனித்த அதே சோதனை இது.

வேண்டியவை: சிறிய திசைகாட்டி, 1.5 வோல்ட் உலர் மின்கலம், மேலுறை உள்ள கம்பி. கைபேசியைத் தள்ளி வையுங்கள், அதன் ஒலிபெருக்கியில் காந்தம் இருக்கிறது. மேசையின் சட்டம் இரும்பாக இருந்தால் இடத்தை மாற்றுங்கள். கம்பியை முனைக்கு முனை நேரடியாக இணைக்கும்போது கம்பியும் மின்கலமும் சூடாகும், அதனால் ஒன்றிரண்டு நொடிக்கு மேல் தொடவிடாதீர்கள். லித்தியம் மின்கலங்களை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. சுவர் பிளக் பக்கம் போகவே வேண்டாம்.

கம்பியை எப்படி வைக்கிறீர்கள் என்பதில்தான் இந்தச் சோதனையின் வெற்றி தோல்வி. ஊசிக்கு நேர் மேலே, ஊசிக்கு இணையாக, அதாவது வடக்கு தெற்காகப் பிடியுங்கள். கிழக்கு மேற்காகக் குறுக்கே வைத்தால் கம்பி உண்டாக்கும் புலம் ஊசி ஏற்கெனவே நிற்கும் கோட்டிலேயே விழும். பெரும்பாலும் ஊசி அசையாது, நீங்களும் மின்கலம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வீர்கள்.

இணைக்கும் முன் விடையை எழுதிவையுங்கள். மின்னோட்டம் தெற்கிலிருந்து வடக்கே போகிறது, ஊசி கம்பிக்குக் கீழே இருக்கிறது. மின்னோட்டத்தின் திசையைக் கம்பியிலிருந்து ஊசி இருக்கும் திசையால் குறுக்குப் பெருக்க வேண்டும்: வடக்கு, கீழ். வடக்கும் மேலும் கிழக்கைத் தரும் என்றால், வடக்கும் கீழும் மேற்கைத் தரும். ஊசியின் வடமுனை மேற்கே திரும்ப வேண்டும். இப்போது இணைத்துப் பாருங்கள். அப்புறம் மின்கலத்தைத் திருப்புங்கள். அப்புறம் கம்பியை ஊசிக்கு அடியில் வையுங்கள். ஒவ்வொரு முறையும் முதலில் ஊகம், பிறகு இணைப்பு.

எண்ணும் போட்டுவிடலாம். நீண்ட நேர்க்கம்பியின் காந்தப்புலம் = 2×10⁻⁷ × மின்னோட்டம் ÷ தூரம். 1 ஆம்பியர், 1 சென்டிமீட்டர் என்றால் 2×10⁻⁵ டெஸ்லா, அதாவது 20 மைக்ரோடெஸ்லா. பூமியின் காந்தப்புலம் தரையில் சுமார் 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா வரை இடத்துக்கு இடம் மாறும். உங்கள் இடத்தில் அதன் கிடைத்தளக் கூறு 30 மைக்ரோடெஸ்லா என்று வைத்துக்கொண்டால், ஊசி திரும்பும் கோணத்தின் டேன்ஜன்ட் 20/30, கோணம் சுமார் 34 பாகை. ஒரு சின்னக் கம்பி பூமியோடு மல்லுக்கு நின்று ஊசியை இவ்வளவு தூரம் இழுத்துவிடுகிறது. டெஸ்லா எவ்வளவு பெரிய அலகு என்பதும் இதிலேயே தெரிந்துவிடும்.

கை விதிகளில் சிக்காமல் இருக்க

பெருவிரல் விதி, திருகு விதி, ஃபிளெமிங்கின் இடக்கை விதி, வலக்கை விதி என்று புத்தகத்தில் ஒரு கூட்டமே இருக்கும். என்னைக் கேட்டால், மேலே சொன்ன வலக்கைக் குறுக்குப் பெருக்கல் ஒன்றையே எல்லாவற்றுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கை மோட்டாருக்கு, எந்தக் கை மின்னியற்றிக்கு என்று தேர்வறையில் குழம்ப வேண்டியிருக்காது. வினாத்தாள் பெயர் சொல்லி ஃபிளெமிங் விதியைக் கேட்டால் அதை எழுதத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே. இன்னொன்று: வலக்கையில் பேனா இருக்கும்போது தன்னையறியாமல் இடக்கையை மடக்கிப் பார்ப்பார்கள். விடை அப்படியே தலைகீழாக வரும். பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கையை எடுங்கள்.

தாளுக்கு வெளியே வரும் புலத்தைப் புள்ளியாலும், தாளுக்குள் போகும் புலத்தைப் பெருக்கல் குறியாலும் காட்டுவார்கள். தாளை மேசையில் வைத்தால் புள்ளி என்பது மேல், பெருக்கல் குறி என்பது கீழ்.

ஒரு கணக்கு. புலம் கீழ்நோக்கி, எலக்ட்ரான் கிழக்கே ஓடுகிறது. காந்த விசையின் திசை, திசைவேகத்தைப் புலத்தால் குறுக்குப் பெருக்கினால் வருவது. கிழக்கும் மேலும் தெற்கைத் தரும். ஆகவே கிழக்கும் கீழும் வடக்கைத் தரும். இது நேர் மின்னூட்டத்துக்கு. எலக்ட்ரானுக்குத் திருப்பிப் போட்டால் தெற்கு. எதிர்க்குறியைக் கடைசியில் மட்டும் சேருங்கள், நடுவில் சேர்த்தால் இரண்டு முறை திருப்பிவிடும் ஆபத்து உண்டு.

விசை எப்போதும் திசைவேகத்துக்குச் செங்குத்து என்பதால் காந்தப்புலம் இயற்பியல் பொருளில் வேலை எதையும் செய்வதில்லை, துகளின் வேகத்தைக் கூட்டுவதோ குறைப்பதோ இல்லை, பாதையை வளைக்கிறது. நொடிக்கு 10⁷ மீட்டர் வேகத்தில் போகும் எலக்ட்ரான், 1 மில்லிடெஸ்லா புலத்தில் செங்குத்தாக நுழைந்தால் சுமார் 5.7 சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் சுற்றும். நிறை × வேகத்தை, மின்னூட்டம் × புலத்தால் வகுத்துச் சரிபாருங்கள்.

தூண்டல்: இங்கே நிதானமாக நில்லுங்கள்

பாடத்தின் நடுநாயகம் இதுதான். ஒரு வாரம் கூடுதலாக எடுத்தாலும் தப்பில்லை.

மின்னோட்டம் காந்தத்தன்மையைத் தருகிறது என்பது 1820இல் தெரிந்துவிட்டது. அப்படியானால் காந்தத்திலிருந்து மின்னோட்டம் கிடைக்குமா? விடை கிடைக்க 11 ஆண்டுகள் ஆயின. 1831 ஆகஸ்ட் 29 அன்று ஃபாரடே ஓர் இரும்பு வளையத்தின் இரு பக்கங்களிலும் தனித்தனிக் கம்பிச்சுருள்களைச் சுற்றி, ஒன்றை மின்கலத்தோடும், மற்றதைக் காந்த ஊசிக்கு அருகில் செல்லும் கம்பியோடும் இணைத்தார். மின்கலத்தை இணைத்த கணம் ஊசி அசைந்தது. பிறகு பழைய இடத்துக்கே வந்து நின்றது, முதல் சுருளில் மின்னோட்டம் தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தபோதும். இணைப்பைத் துண்டித்த கணம் மறுபடி அசைந்தது, இந்த முறை எதிர்ப்பக்கம். காந்தப்புலம் இருப்பது போதாது, மாற வேண்டும்.

எது மாற வேண்டும்? சுருளின் வழியே செல்லும் காந்தப்பாயம். அது புலம் × பரப்பு × கோணத்தின் கொசைன். கோணம் என்பது புலத்துக்கும் பரப்பின் செங்குத்துக்கும் இடையில் உள்ளது. பரப்புக்கும் புலத்துக்கும் இடையில் எடுத்தால் கணக்கு தப்பும். மூன்றில் எது மாறினாலும் மின்னியக்கு விசை (பெயர் விசை என்றாலும், மின்னோட்டத்தை ஓட்டும் வோல்ட் அளவுதான்) பிறக்கும். காந்தத்தை நகர்த்தினால் புலம் மாறுகிறது, சட்டத்தைப் புலத்துக்குள் இழுத்தால் உள்ளே இருக்கும் பரப்பு மாறுகிறது, சுருளைச் சுழற்றினால் கோணம் மாறுகிறது. மின்னியற்றி மூன்றாவது வகை.

அளவு எளிது: சுற்றுகளின் எண்ணிக்கை × காந்தப்பாயம் மாறும் வீதம். 200 சுற்றுகள், 10 சதுர சென்டிமீட்டர் பரப்பு, புலம் 0.1 நொடியில் சுழியிலிருந்து 0.1 டெஸ்லாவுக்கு ஏறுகிறது என்றால் 0.2 வோல்ட். பரப்பைச் சதுர மீட்டருக்கு மாற்றும்போது 100ஆல் வகுத்துவிடாதீர்கள், 10,000ஆல் வகுக்க வேண்டும்.

திசைக்கு 1834இல் லென்ஸ் சொன்ன விதி. இதைத் "தூண்டிய புலம் மூலப் புலத்தை எதிர்க்கும்" என்று பாதியாக மனப்பாடம் செய்கிறவர்கள் ஏராளம். எதிர்ப்பது மாற்றத்தை. தவறாமல் வர, கீழ்க்கண்ட நான்கையும் இதே வரிசையில் எழுதுங்கள்:

1. சுருளின் வழியே புலம் எந்தத் திசையில்?
2. பாயம் கூடுகிறதா, குறைகிறதா?
3. கூடினால் தூண்டிய புலம் எதிர்த்திசையில். குறைந்தால் அதே திசையில்.
4. வலக்கைப் பெருவிரலை அந்தத் திசையில் வைத்தால், மடங்கிய விரல்கள் காட்டுவது மின்னோட்டம்.

மேசையில் படுத்திருக்கும் வளையத்தை நோக்கி, வடமுனை கீழே பார்த்தபடி ஒரு காந்தத்தை இறக்குகிறோம். புலம் கீழ்நோக்கி. கூடுகிறது. ஆகவே தூண்டிய புலம் மேல்நோக்கி. மேலிருந்து பார்த்தால் மின்னோட்டம் இடஞ்சுழி. இப்போது காந்தத்தை மேலே எடுக்கிறோம். புலம் இன்னமும் கீழ்நோக்கித்தான், ஆனால் குறைகிறது. தூண்டிய புலமும் கீழ்நோக்கி, மின்னோட்டம் வலஞ்சுழி. பாதி மனப்பாடக்காரர் இந்த இரண்டாவது இடத்தில்தான் தவறுவார்.

ஏன் எதிர்க்க வேண்டும் என்று கேட்கலாம். எதிர்க்காமல் உதவி செய்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்: காந்தத்தைச் சற்றே தட்டிவிட்டால் வளையம் அதை மேலும் இழுக்கும், வேகம் கூடும், மின்னோட்டம் கூடும், இழுப்பு இன்னும் கூடும். ஒன்றும் கொடுக்காமலே ஆற்றல் கொட்டும். ஆற்றல் அழிவின்மை விதி அதற்கு இடம் தராது. தடித்த செப்புக் குழாய்க்குள் வலுவான காந்தத்தைப் போட்டால் அது மெதுவாக இறங்குவதும் இதே காரணத்தால். பள்ளியில் அந்தச் சோதனைக்கு வசதி இருந்தால் கேட்டு வாங்கிச் செய்து பாருங்கள். நியோடிமியம் காந்தங்கள் விரலை நசுக்கும், சின்னக் குழந்தைகள் கைக்கு எட்டவே கூடாது.

தேர்வுகளில் அடிக்கடி தலைகாட்டும் இன்னொரு கணக்கு: 10 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரச் சட்டம், நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில், 30 சென்டிமீட்டர் அகலத்துக்குப் பரவிய 0.5 டெஸ்லா புலத்தைக் கடக்கிறது. மின்னியக்கு விசையை நேரத்துக்கு எதிராக வரைக. நுழையும்போது 0.5 × 0.1 × 2 = 0.1 வோல்ட், 0.05 நொடிக்கு. முழுச் சட்டமும் உள்ளே வந்ததும் பாயம் மாறுவதில்லை, அடுத்த 0.1 நொடிக்குச் சுழி. வெளியேறும்போது மறுபடி 0.1 வோல்ட், எதிர்க்குறியோடு, 0.05 நொடிக்கு. நடுவில் வரும் அந்தச் சுழியை மனம் ஏற்க மறுக்கும். சட்டம் நகர்ந்துகொண்டுதானே இருக்கிறது என்று தோன்றும். நகர்கிறது, பாயம் நகரவில்லை. இந்த வரைபடத்தை நீங்களே விளக்கிச் சொல்ல முடிந்தால், மின்மாற்றிக்கு ஏன் மாறுதிசை மின்னோட்டம் வேண்டும் என்பதை யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மேக்ஸ்வெல் வரும்போது

பள்ளி மட்டத்தில், மின்காந்தவியலைத் தொகுத்துச் சொல்லும் மேக்ஸ்வெல்லின் நான்கு சமன்பாடுகளையும் வைத்துக் கணக்குப் போடச் சொல்ல மாட்டார்கள். ஒவ்வொன்றும் என்ன சொல்கிறது என்பதைத் தமிழில் ஒரு வரி எழுதத் தெரிந்தால் போதும். ஆனால் ஒரு கணக்கைக் கட்டாயம் போட்டுவிடுங்கள். வெற்றிடத்தின் விடுதிறன் (மின்புலக் கணக்கில் வரும் மாறிலி) 8.85×10⁻¹², உட்புகுதிறன் (காந்தப்புலக் கணக்கில் வரும் மாறிலி) 1.257×10⁻⁶. இரண்டையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 1-ஐ அதனால் வகுங்கள். நொடிக்கு சுமார் 3×10⁸ மீட்டர் வரும். மின்னூட்டங்களையும் மின்னோட்டங்களையும் மட்டும் வைத்து மேசையில் அளந்த எண்களுக்குள் ஒளியின் வேகம் உட்கார்ந்திருக்கிறது. ஒளி ஒரு மின்காந்த அலை என்று மேக்ஸ்வெல் 1860களில் முடிவுக்கு வந்ததற்கு இந்தப் பொருத்தம் முக்கியக் காரணம். அத்தகைய அலைகளை ஹெர்ட்ஸ் 1887இல் சோதனைக்கூடத்தில் உண்டாக்கிக் காட்டத் தொடங்கினார்.

கணக்குப் போடும்போதும் சந்தேகம் கேட்கும்போதும்

சூத்திரப் பட்டியல் ஒன்றைத் தயாரித்துச் சுவரில் ஒட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதற்குப் பதிலாக ஒவ்வொரு சூத்திரத்துக்கும் அது எப்போது செல்லாது என்று பக்கத்தில் எழுதுங்கள். மேலே சொன்ன நேர்க்கம்பிச் சூத்திரம் கம்பியின் முனைக்கு அருகில் செல்லாது. ஆம்பியர் சுற்று விதி (ஒரு மூடிய பாதையைச் சுற்றியுள்ள புலத்தை அதனூடே போகும் மின்னோட்டத்தோடு இணைப்பது) நிலையான மின்னோட்டங்களுக்கு எங்கும் உண்மை, ஆனால் சமச்சீர் இல்லாத இடத்தில் அதை வைத்துப் புலத்தைக் கண்டுபிடிக்க முடியாது. அங்கே கம்பியின் ஒவ்வொரு சிறு துண்டும் தரும் புலத்தைக் கூட்டும் பயட்–சாவர்ட் விதிக்குப் போக வேண்டும்.

அலகுகளையும் விடாதீர்கள். டெஸ்லா என்றால் நியூட்டனை ஆம்பியர்–மீட்டரால் வகுத்தது. காந்தப்பாயத்தின் அலகான வெபரை நொடியால் வகுத்தால் வோல்ட். விடையின் அலகு வரவில்லை என்றால் எண்ணைத் திரும்பப் பார்க்காதீர்கள், சூத்திரத்தைப் பாருங்கள்.

ஆசிரியரிடம் போகும்போது "தூண்டல் புரியவில்லை" என்று போனால் அவரும் முழுப் பாடத்தையும் மறுபடி சொல்வார், நீங்களும் மறுபடி தலையாட்டுவீர்கள். லென்ஸ் விதிக்குச் சொன்ன அந்த நான்கு வரியையும் எழுதிய தாளோடு போங்கள். இரண்டாவது வரியில் பாயம் கூடுகிறது என்று எழுதியது சரியா என்று கேளுங்கள். தவறு எந்த வரியில் இருக்கிறது என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.